யாரும் கேட்காத நேரத்து நெருப்பு

வீட்டில் ஒரு லினக்ஸ் சர்வர் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்தப் பெட்டி வாங்கலாம்?" என்பதுதான். ராஸ்பெரி பையா, இன்டெல் என்100 செயலி போட்ட மினி பிசியா, ஏதோ ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய தின் கிளையண்ட்டா என்று பேச்சு நீளும். டைடல் பார்க் மென்பொருள் வளாகம் 2000இல் திறந்த தரமணிப் பக்கம் இது டீக்கடைப் பேச்சு. பகலெல்லாம் யாருடைய சர்வர்களோடோ மல்லுக்கட்டுகிறவர்களில் சிலருக்கு ராத்திரி சொந்தமாகவும் ஒன்று தேவைப்படுகிறது: குடும்பப் படங்களைச் சேர்த்துவைக்க, விளம்பரங்களை வாசலிலேயே நிறுத்த, பாட்டுக் கேட்க. விலை, வேகம், வாட் என்று மூன்று எண்களில் முடிந்துவிடும் விஷயமாகவே இது பேசப்படுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எனக்கு எவ்வளவு போதும், அந்த அளவை வைத்தது யார் என்ற பழைய கேள்விதான் இதற்குள் இருக்கிறது. அதைக் குடும்பஸ்தனை எதிரே உட்காரவைத்து நுணுக்கமாகப் பேசிய மரபு ஒன்று மயிலாப்பூருக்கே உறவுள்ளது. அது சமணம்.

சமணம் என்றாலே எல்லாவற்றையும் துறந்து மலைக்குகையில் படுத்திருக்கும் முனிவர்தான் நினைவுக்கு வருகிறார். ஆனால் மயிலாப்பூரில் ஒருகாலத்தில் நேமிநாதருக்குக் கோயில் இருந்ததென்றும், கடல் ஏறி வருகிறதென்று அஞ்சி அந்தச் சிலையை மேல்சித்தாமூருக்குக் கொண்டுபோனார்கள் என்றும் தமிழ்ச் சமணர் சொல்கிறார்கள். குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு நேமிநாதம் என்று அந்தத் தீர்த்தங்கரரின் பெயரையே வைத்தார். சுருக்கமான நூல் என்பதால் அதற்குச் சின்னூல் என்றும் பெயர். கோயிலும் வீடும் கடைத்தெருவும் உள்ள ஊர்ச் சமணம் இது. இந்த வீட்டுக்காரர்களுக்காக எழுந்த ஒழுக்க நூல்தான் அருங்கலச்செப்பு. சமந்தபத்திரர் வடமொழியில் எழுதிய இரத்தினகரண்டகத்தின் தமிழ் வழி அது. இல்லறத்தானுக்கு அது சொல்லும் ஐந்து அணுவிரதங்களில் கடைசி, பொருள் வரைதல். ஒன்றும் வைத்திருக்காதே என்று அது சொல்வதில்லை, அது துறவிக்கு. உனக்கு இவ்வளவு என்று ஆசை வருவதற்கு முன்பே நீயே கோடு போட்டுக்கொள் என்கிறது. அளவு ஆளுக்கு ஆள் மாறலாம். கோட்டை முதலில் போட வேண்டும், கடைக்குப் பிறகுதான் போக வேண்டும் என்ற வரிசைதான் மாறக்கூடாது.

இதோடு இன்னொரு நோன்பும் உண்டு: அனர்த்ததண்ட விரதம். பயனே இல்லாமல் செய்யும் தீங்கைத் தவிர்ப்பது. அதன் பிரிவுகளில் ஒன்று, கவனமின்மையால் வருவது: சும்மா மண்ணைக் கிளறுவது, சும்மா தண்ணீரை இறைப்பது, தேவையில்லாமல் நெருப்பு மூட்டுவது, காரணமில்லாமல் செடியைக் கிள்ளுவது. சமைக்க அடுப்பு மூட்டுவதை இந்த நோன்பு தடுப்பதில்லை. குடும்பம் நடத்தினால் கொஞ்சம் தீங்கு நேரத்தான் செய்யும் என்று அதற்குத் தெரியும். சமைத்து முடித்த பிறகும் எரிந்துகொண்டிருக்கும் அடுப்பைத்தான் அது கேட்கிறது. மின்சாரமும் நெருப்புயிரில் (நெருப்பையே உடலாகக் கொண்ட உயிர்களில்) சேருமா என்று சமணர்களுக்குள் இன்றும் வாதம் நடக்கிறது. அந்த வாதத்துக்குள் நாம் போக வேண்டியதில்லை. சர்வர் என்பது பெரும்பாலான நேரம் யாரும் எதுவும் கேட்காமலே விழித்திருக்கும் கருவி. ஒரு குடும்பம் நாளைக்கு அரை மணி நேரம் அதைப் பயன்படுத்தினால், மீதி இருபத்துமூன்றரை மணி நேரம் அது காத்திருக்கிறது. ஆகவே பெட்டி எவ்வளவு வேகமாக ஓடும் என்று கேட்பதற்கு முன்னால், சும்மா இருக்கும்போது எவ்வளவு தின்னும் என்று கேட்க வேண்டும் என்பதே என் கட்சி. கணினிக்காரர்கள் ஐடில் வாட் என்று சொல்வதும் சமந்தபத்திரர் கவலைப்பட்டதும் ஒரே பொருள்தான்.

கணக்கைப் போட்டுவிடலாம். ஒரு வாட் ஓராண்டு முழுக்க இடைவிடாமல் ஓடினால் 8.76 யூனிட். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய மேசைக் கணினியை சர்வராக்கினால், எந்த வேலையும் இல்லாதபோதே 60 வாட் இழுப்பது சாதாரணம். அறுபது நாள் பில்லுக்கு அது 86.4 யூனிட். தமிழ்நாட்டில் 2016இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவித்தார்களே, அதைக் கிட்டத்தட்ட முழுதாக அந்தப் பெட்டி ஒன்றே விழுங்கிவிடும், அதுவும் காத்திருந்தே. 6 வாட்டில் காத்திருக்கும் சின்னப் பெட்டிக்கு அதே இரண்டு மாதத்தில் 8.64 யூனிட் போதும். ஆண்டுக்கு வித்தியாசம் 473 யூனிட். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமிலவாயு என்று வைத்தால், 330 கிலோ. சென்னையில் இன்னொரு கணக்கும் உண்டு. 60 வாட்டும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். அந்த அறையில் ஏசி ஓடினால், அந்த வெப்பத்தை வெளியேற்ற மறுபடியும் மின்சாரம் செலவாகும். மே மாதத்தில் ஒரே நெருப்புக்கு இரண்டு முறை காசு கொடுக்கிறோம்.

அந்த நெருப்பு உண்மையில் எரியும் இடம் தரமணி அல்ல என்பதால்தான் இது அறக் கேள்வியாகிறது. மின்தொகுப்பு ஒன்றுதான், எந்த வீட்டுக்கு எந்த ஊர் மின்சாரம் என்று பிரிக்க முடியாது. காற்றாலையும் உண்டு, கல்பாக்கமும் உண்டு. ஆனாலும் அதில் நிலக்கரியின் பங்கு பெரிது, அந்த நிலக்கரியில் ஒரு பகுதி எரிவது எண்ணூருக்குப் பக்கத்தில். வட சென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் கசிந்து கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் படிந்ததை மீனவர்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்லி வருகிறார்கள். சாம்பல் குளத்தை ஒட்டிய செப்பாக்கம் மக்களுக்கு அது வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும் தூசி. அந்தக் கழிமுகத்தைத் தொட்டுக்கொண்டு போகும் பக்கிங்காம் கால்வாய்தான் நகரத்தைக் கடந்து தெற்கே வந்து, பறக்கும் ரயில் பாதையின் பக்கத்தில், திருவான்மியூருக்கும் தரமணிக்கும் இடையே ஓடுகிறது. கால்வாயின் வடக்குப் பக்கத்தில் சாம்பல் விழுகிறது, தெற்குப் பக்கத்தில் ஸ்விட்ச் இருக்கிறது. தூரத்தில் நேரும் தீங்கு கண்ணில் படாது என்பதால்தான், தீங்கு நேரும்போது வருந்துவதை நம்பாமல், முன்கூட்டியே வரம்பு கட்டச் சொன்னார்கள் சமணர்கள்.

சரி, வரம்பை எப்படிக் கட்டுவது? திருக்குறளில் வலியறிதல் என்று ஓர் அதிகாரம் உண்டு. அரசனுக்குச் சொன்னது. செய்யப்போகும் வினையின் வலிமை, தன் வலிமை, பகைவன் வலிமை, துணைவர் வலிமை என்று தொடங்குகிறது. படையெடுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே போய், முடிவில் வரவு செலவில் வந்து நிற்கிறது. அரசியல் நூல் திடீரென்று குடும்பக் கணக்குப் புத்தகம் ஆகிவிட்டதோ என்று தோன்றும். ஆனால் அதுதான் அதன் நுட்பம்: வலிமையின் அளவு தெரியாதவனைச் சாய்ப்பது பெரும்பாலும் பகைவன் அல்ல, செலவு. அந்த அதிகாரத்தின் வரிசையில் வினை முதலில் நிற்கிறது. நாம் தலைகீழாகச் செய்கிறோம். பெட்டியை வாங்கிவிட்டு அதற்கு வேலை தேடுகிறோம். 16 ஜிபி நினைவகம் வந்துவிட்டதே, சும்மா இருக்கிறதே என்று பன்னிரண்டு கண்டெய்னர்களை ஏற்றுகிறோம்.

வினையிலிருந்து தொடங்கியதற்குத் தரமணியிலேயே ஒரு சான்று இருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரி கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. மின்சாரம் நின்று நின்று வரும் ஊர்களில் சூரிய மின்கலமும் சேர்ந்து கணினியை ஓட்டியது. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: நாளைக்குக் கடலில் அலை எவ்வளவு உயரம்? அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்து அதை எடுத்து, கரையில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஓர் எண்ணும் ஒரு ஒலிபெருக்கியும் தான், அதற்கேற்ற கணினியும் தான். பக்கத்தில், சென்னை ஐஐடியில் வடிவமைத்த சக்தி செயலிகளையும் பாருங்கள். 2018இல் அதில் லினக்ஸ் ஓடியது என்பதுதான் செய்தியானது. எனக்குப் பிடித்தது வேறு. கடிகாரம் மாதிரிச் சின்னக் கருவிகளுக்கு இ-வகுப்பு, அதற்கு மேல் சி-வகுப்பு, அதற்கும் மேல் ஐ-வகுப்பு என்று வேலையின் அளவுக்கேற்ப ஒரு குடும்பமாகவே அதை யோசித்திருக்கிறார்கள். (ரிச்சி தெரு மின்னணுக் கடைகளில் போய்க் கேட்டால் கிடைக்காது, அது வேறு வருத்தம்.)

வினையை எழுதிப் பார்த்தால் பல வீடுகளில் பட்டியல் நாலு வரியில் முடிந்துவிடும். படங்களுக்கு ஒரு கிடங்கு, விளம்பரத் தடுப்பு, நாலைந்து கோப்புகளின் நகல், கொஞ்சம் பாட்டு. இதற்கு 2019இல் வந்த ராஸ்பெரி பை 4 போதும்; சும்மா இருக்கையில் 3 வாட் அளவில் நிற்கும். வீடியோவை வடிவம் மாற்ற வேண்டும், இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும் என்றால் என்100 பெட்டி. இங்கே ஒரு பொடிவைத்த எண்ணைக் கவனிக்க வேண்டும். 6 வாட் என்று விளம்பரத்தில் போட்டிருப்பது செயலிக்கு மட்டும். பெட்டி முழுதும் சுவரிலிருந்து எவ்வளவு இழுக்கிறது என்பது அதில் இல்லை. 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் இரண்டைச் சுழலவிட்டால், அவை மட்டுமே 10 வாட் பக்கம் கேட்கும்; மூன்று வாட் போர்டு வாங்கிய புண்ணியம் அங்கேயே போய்விடும். பிளக்கில் செருகிப் பார்க்கும் வாட் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி ஒரு நாள் அளந்துவிடுவது, பத்து விமர்சனக் காணொளிகளைப் பார்ப்பதைவிட மேல்.

ஆனால் வாங்கவே வேண்டாம் என்ற விடையும் உண்டு, தமிழ்நாட்டில் அதற்குத் தனி வாய்ப்பு இருக்கிறது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் லட்சக்கணக்கான பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. அவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ், சென்னை சி-டாக்கில் டெபியனை அடிப்படையாக வைத்து உருவானது, 2007இல் வெளிவந்தது. அரசு கொடுத்த லினக்ஸை அழித்துவிட்டு வேறொன்றைப் போட்டுக்கொண்டவர்களும் உண்டு என்பது தனிக் கதை. அந்த மடிக்கணினிகள் பலவும் இன்று அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடக்கின்றன. திரையை அணைத்துவிட்டால் பத்துப் பன்னிரண்டு வாட்டில் அடங்கிவிடும் இனம் அது. பேட்டரி இன்னும் உயிரோடு இருந்தால் கரண்ட் போகும்போது தானே யுபிஎஸ் ஆகிவிடும்; மெமரி கார்டை நம்பியிருக்கும் சின்ன போர்டுக்குத் திடீர் மின்வெட்டுதான் எமன். பேட்டரி உப்பியிருந்தால் கழற்றிவிட வேண்டும், அதில் விளையாட்டு வேண்டாம். புதுப்பெட்டி ஐந்து வாட் குறைவாகத் தின்னலாம். அது ஆண்டுக்கு 44 யூனிட் மிச்சம். ஆனால் புதுக் கணினியைச் செய்து, கப்பலேற்றிக் கொண்டுவருவதில் வெளியேறும் கரியை அந்த மிச்சத்தால் ஈடுகட்டப் பல வருஷங்கள் ஆகும். வாட்டை மட்டும் பார்த்தால் புதியது ஜெயிக்கும், மொத்தத் தீங்கைப் பார்த்தால் பழையது. 60 வாட் மேசைக் கணினிக்கு இந்தச் சலுகை கிடையாது, அதைக் கொடுத்துவிடலாம்.

இதற்கெல்லாம் சிரிப்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் பக்கம் கணக்கு இருக்கிறது. ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரம் முழு வீச்சில் ஓடினால் ஒன்றரை யூனிட் வரும். 6 வாட் பெட்டி அதே மின்சாரத்தில் 250 மணி நேரம், பத்து நாளுக்கு மேல் ஓடும். ஏசியை 18இல் வைத்துக் கம்பளி போர்த்திக்கொண்டு படுப்பவர் சர்வர் வாட்டை எண்ணுவது கேலிக்கூத்துதானே? கேலிக்கூத்துதான். அப்படிப்பட்டவர் முதலில் ஏசியைத்தான் வரைந்துகொள்ள வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அனர்த்ததண்டம் தீங்கின் பருமனைக் கேட்பதில்லை, பயன் இருக்கிறதா என்று கேட்கிறது. ஏசி ஓடுவது உடம்புக்குத் தெரிகிறது. அறையைவிட்டுப் போகும்போது கை தானாக ஸ்விட்சுக்குப் போகிறது. சர்வர் ஓடுவது யாருக்கும் தெரிவதில்லை. அதை அணைக்கச் சொல்லி உடம்பில் எதுவும் உறுத்துவதில்லை. உறுத்தலே வராத செலவுக்குத்தான் விரதம் வேண்டியிருக்கிறது.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் எழுந்திருக்கும் தரவு மையங்களில், ஆயிரம் பேர் ஒரே இயந்திரத்தைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். உங்கள் படங்களை நீங்கள் பார்க்காத நேரத்தில் அதே செயலி வேறு யாருக்கோ உழைக்கிறது. காத்திருக்கும் நெருப்பு பங்கு பிரிந்து ஒரு பொறியாகிவிடுகிறது. அப்படியானால் சமந்தபத்திரரைக் கூப்பிட்டவர் கிளவுடுக்குத்தானே ஓட்டுப் போட வேண்டும்? மின்சாரத்தை மட்டும் எடைபோட்டால் இந்த மறுப்புக்கு என்னிடம் பதில் இல்லை. அரை மணி நேரப் பயன்பாட்டுக்குப் பங்கிட்ட இயந்திரம்தான் சிக்கனம். ஆனால் நான் எடுத்துக்கொண்ட நோன்பு சிக்கனம் அல்ல, வரைதல். இரண்டும் ஒன்றல்ல என்பதை 1865இலேயே பொருளியலாளர் ஜெவன்ஸ் நிலக்கரியை வைத்துக் காட்டிவிட்டார்: நீராவி எந்திரம் குறைந்த கரியில் அதிக வேலை செய்யத் தொடங்கியதும், இங்கிலாந்தின் கரிச் செலவு குறையவில்லை, ஏறியது. கிளவுடின் சிக்கனமும் அந்த வகை. ஒரே கோலத்தை நாற்பது கோணத்தில் எடுத்த படங்களும், குடும்ப வாட்ஸ்அப் குழுவின் காலை வணக்கப் பூக்களும் ஒன்றுவிடாமல் அங்கே ஏறிக்கொண்டே இருக்கின்றன. இடம் தீர்ந்துபோனால், எதை அழிக்கலாம் என்று யோசிப்பதைவிட மாதம் சில ரூபாய் கூடக் கொடுப்பது எளிது. அந்த வியாபாரமே கோடு இல்லாததில்தான் நடக்கிறது. வீட்டில் ஒரு டெராபைட் டிஸ்க் என்று கோடு போட்டுக்கொண்டவருக்கு, அது நிரம்பும் நாள் ஒன்று வருகிறது. அன்று உட்கார்ந்து, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. பெரிய டிஸ்க் வாங்கி அந்த நாளைத் தள்ளிப்போடுகிறவருக்கு வீட்டு சர்வரும் கிளவுடும் ஒன்றுதான். அவர் பேசாமல் கிளவுடிலேயே இருக்கலாம். மின்சாரமாவது மிஞ்சும்.

மூன்றாவது மறுப்பு சமணத்துக்குள்ளிருந்தே வரும். சொந்த சர்வர், சொந்தத் தரவு, சொந்தக் கோட்டை: இந்த 'சொந்தம்' தானே பரிக்கிரகம், அதாவது உடைமை? தத்துவார்த்த சூத்திரம் உடைமை என்பதைப் பொருளாகவே சொல்லவில்லை, பொருளின்மேல் உள்ள மயக்கமே உடைமை என்கிறது. அந்தக் கண்ணோடு பார்த்தால் சின்னப் பெட்டி அடக்கத்தின் சாட்சி ஆகிவிடாது. மூன்று வாட் போர்டுகள் ஆறு வாங்கி அடுக்கி, நீல விளக்கு போட்டுப் படம் பிடிக்கிறவர் ஒரே ஒரு பழைய மடிக்கணினிக்காரரைவிட அதிகமாகவே உடைமைக்காரர். புது மாடல் வந்ததும் பழையது டிராயரில் தூங்கப் போகிறது. அந்த டிராயரைத் திறந்து பார்த்தால் மயக்கத்தின் அளவு தெரியும். இந்த மறுப்பை நான் முழுதாக ஏற்கிறேன். என் வாதத்தை அது உடைக்கவில்லை, கூர்மையாக்குகிறது. பெட்டியின் அளவு அறம் அல்ல. கோடு முதலில் போட்டதா, பெட்டி வந்த பிறகு அதைச் சுற்றி வரைந்ததா என்பதைத்தான் பார்க்க வேண்டும். வீட்டில் மற்றவர்களின் பாடும் இதில் சேரும். விளம்பரத் தடுப்பு நின்றுபோய், அதனால் வீட்டில் இணையமே ஓடாமல், சரிசெய்யத் தெரிந்த ஒரே ஆள் ஆபீசில் இருக்கும் மத்தியானத்தில், அந்த விரதத்தை அனுஷ்டிப்பவர்கள் வீட்டிலிருக்கும் மற்றவர்கள்தான். அவர்களைக் கேட்டா கோடு போடப்பட்டது?

இல்லறத்தாரின் நோன்புகளில் தேசாவகாசிகம் என்று ஒன்று, அதிகம் பேசப்படாதது. குறிப்பிட்ட காலத்துக்கு, இந்த வீட்டைத் தாண்ட மாட்டேன், இந்த வயலைத் தாண்ட மாட்டேன், இந்த ஆற்றைத் தாண்ட மாட்டேன் என்று நடமாட்டத்துக்கே எல்லை வைப்பது. வாழ்நாள் முழுதுக்கும் அல்ல; ஒரு நாள், ஒரு மாதம், அவரவர் சொன்ன காலம். வீட்டு சர்வர்க்காரர்கள் பெரும் பாடுபடுவது எதற்கு என்றால், அந்தப் பெட்டியை உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் எட்டிப்பிடிக்க: போர்ட் திறக்க, டொமைன் வாங்க, பிறகு திறந்த போர்ட்டைத் தட்டிப் பார்க்கும் திருடர்களை விரட்ட. இப்போது பல பிராட்பேண்ட் இணைப்புகளில் ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்வதால், வெளியிலிருந்து வீட்டுக்குள் வரவே தனி வித்தை வேண்டும். அந்த வித்தையைக் கற்காமலே விட்டுவிடலாம். வீட்டு வைஃபையைத் தாண்டாத சர்வருக்கு வீட்டில் ஆள் இல்லாத நேரத்திலும் எல்லோரும் தூங்கும் நேரத்திலும் வேலையே கிடையாது. பகலில் எல்லோரும் வெளியே போய்விடும் வீடு என்றால், காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரையும், ராத்திரி பதினொன்றிலிருந்து ஐந்து வரையும் அது உறங்கலாம். மினி பிசியிலும் மடிக்கணினியிலும் தானே அணைந்து குறித்த நேரத்தில் தானே எழுந்துகொள்ள லினக்ஸில் ஆர்டிசிவேக் என்ற சின்னக் கட்டளை போதும். பதினைந்து மணி நேரம் அப்படிக் குறைகிறது. தரமணி ஆபீசில் உட்கார்ந்து, மத்தியானம் மூன்று மணிக்குப் பிள்ளையின் பிறந்தநாள் படத்தைப் பார்க்கத் தோன்றினால், சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.